டெலாக்ருவாவின் புரட்சி ஓவியம், கும்பகோணத்தில் போட்ட கேன்வாஸ் பிரிண்ட்: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

பிரெஞ்சு ஓவியர் டெலாக்ருவாவின் ‘மக்களை வழிநடத்தும் சுதந்திரம்’ ஓவியத்தை எங்கள் படிப்பகத்துச் சுவருக்காக கேன்வாஸில் அச்சடித்து, தேக்கு ஃபிரேம் போட்டு மாட்டியாகிவிட்டது. செய்துகொடுத்தது கும்பகோணத்தில் ஒரு சின்னக் கடை. தஞ்சாவூர் ஓவியங்களுக்கு ஃபிரேம் போட்டே பழகிய குடும்பம், இப்போது மகன் ஒரு பிரிண்டரும் வைத்திருக்கிறார். வேலை பிரமாதம், கொடுத்த காசுக்கு மேலேயே செய்திருக்கிறார்கள். ஆனால் இந்த ஓவியத்துக்கு “நல்லா வந்திருக்கு” என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போக மனசு வரவில்லை, ஏனென்றால் இதைக் கெடுப்பது ரொம்பச் சுலபம். ஓர் ஓரம் வெட்டுப்பட்டாலோ நிறம் கொஞ்சம் தூக்கலானாலோ படம் சொல்கிற விஷயமே மாறிப்போகும்.

முதலில் ஓவியத்தைப் பற்றிக் கொஞ்சம். 1830 ஜூலையில் பிரான்சின் மன்னர் பத்தாம் சார்லஸ், பத்திரிகைச் சுதந்திரத்தை நிறுத்தி, சபையைக் கலைத்து, வாக்குரிமையையும் சுருக்கி ஆணைகள் போட்டார். பாரிஸ் தெருக்களில் கல்லையும் மரத்தையும் குவித்துத் தடுப்பரண் கட்டி மக்கள் சண்டை போட்டார்கள். 27, 28, 29 என்று மூன்றே நாள். மன்னர் முடி துறந்தார். டெலாக்ருவா அந்தச் சண்டையில் இறங்கியவர் இல்லை. அந்த அக்டோபரில் தன் அண்ணனுக்கு எழுதிய கடிதத்தில், நாட்டுக்காகச் சண்டை போடாவிட்டாலும் நாட்டுக்காக வரையவாவது செய்கிறேன் என்று எழுதினார். சில மாதத்தில் வரைந்து முடித்த ஓவியம் 1831இல் பாரிஸின் பெரிய ஓவியக் கண்காட்சியான சலோனுக்கு வந்தது. தடுப்பரணைத் தாண்டி வருகிற மக்களுக்கு முன்னால், நீலம், வெள்ளை, சிவப்புக் கொடியைத் தூக்கிக்கொண்டு ஒரு பெண், அவள்தான் சுதந்திரம். பக்கத்தில் ஒரு பையன், கீழே பிணங்கள். 260 சென்டிமீட்டர் உயரம், 325 சென்டிமீட்டர் அகலம். இப்போது பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இந்த 260, 325 என்ற கணக்கைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பிரிண்ட் போடப் போகிறவர்களுக்கு இதுதான் முதல் விஷயம். உயரத்துக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதம் சரியாக நாலுக்கு ஐந்து. கடைகளில் தயாராக இருக்கும் அளவு 24க்கு 36 அங்குலம், அதாவது இரண்டுக்கு மூன்று. நாலுக்கு ஐந்து படத்தை அதில் நிரப்பினால் உயரத்தில் ஆறில் ஒரு பங்கு போய்விடும். எங்கிருந்து போகும்? மேலே கொடி இருக்கிறது, அதை யாரும் வெட்ட மாட்டார்கள். அதனால் கீழே கை வைப்பார்கள். இந்த வேலையை முதலில் கொடுத்த இடத்தில் (கும்பகோணம் கடை இல்லை, அது வேறு ஊர், ஃப்ளெக்ஸ் பேனர் அடிக்கிற இடம்) அப்படித்தான் செய்துகொடுத்தார்கள். கொடி பளிச்சென்று இருக்கிறது, அந்தப் பெண் இருக்கிறாள், பையன் இருக்கிறான், கீழே செத்துக் கிடக்கிறவர்கள் பாதிப் பாதியாக அறுபட்டுப் போனார்கள்.

அதைப் பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது. இந்த ஓவியத்தின் அடித்தளமே அந்தப் பிணங்கள்தான். இடது கீழ் மூலையில் ஒருவர் கிடக்கிறார், இரவுச் சட்டை மட்டும்தான் உடம்பில், அதுவும் மேலே சுருண்டு ஏறிக் கிடக்கிறது, ஒரு காலில் மட்டும் நீலக் காலுறை. தெருவில் சண்டை போட வந்தவருக்கு உடம்பில் இரவு உடுப்பு எதற்கு? வீட்டுக்குள் புகுந்து படுக்கையில் இருந்து இழுத்துவந்து கொன்றிருக்கிறார்கள் என்று வாசிப்பவர்கள் உண்டு, எனக்கும் அப்படித்தான் படுகிறது. வலது பக்கம் அரசப் படைவீரர்கள் கிடக்கிறார்கள், சீருடையோடு. கொன்றவர்களும் கொல்லப்பட்டவர்களும் ஒரே வரிசையில், பார்ப்பவரின் காலடிக்கு மிக அருகில். அவர்களைத் தாண்டித்தான் அவள் வருகிறாள், கால் வைக்கிற இடம் எல்லாம் கல்லும் கட்டையும் மனித உடம்பும். கீழே இருப்பதை வெட்டிவிட்டால் மிஞ்சுவது ஒரு வெற்றி ஊர்வலப் போஸ்டர். வெற்றியைக் காட்டுகிற படங்கள் உலகத்தில் எத்தனையோ இருக்கின்றன, அதற்காக இந்த ஓவியம் வேண்டியதில்லை.

ஆகவே சொல்லி வாங்க வேண்டிய அளவு 24க்கு 30. ஒரு அங்குலம்கூட வெட்டாமல் அப்படியே உட்காரும். கும்பகோணம் கடைப் பெரியவரிடம் நான் இதைச் சொல்வதற்கு முன்பே அவர் டேப்பை எடுத்து மொபைலில் இருந்த படத்தை அளந்து, “இது நாலஞ்சு தம்பி, முப்பதுல போட்டாத்தான் நிக்கும்” என்றார். அங்கேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. இன்னொன்று, கேன்வாஸை மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டும்போது நாலு பக்கமும் ஒன்றரை அங்குலம் மடங்கிப் பின்னால் போகும். அதற்கென்று தனியாக ஓரம் விட்டு அச்சடிக்கச் சொல்லாவிட்டால் படத்தின் ஓரமே மடிப்புக்குள் போய்விடும். இவர்கள் வெள்ளை ஓரம் விட்டு அடித்தார்கள். வலது பக்கம் தடுப்பரணின் இடிபாடுகள் மேல் டெலாக்ருவா போட்ட கையெழுத்தும் 1830 என்ற ஆண்டும் முழுசாகத் தெரிகிறது.

அடுத்து நிறம். இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். இணையத்தில் தேடினால் வருகிற பெரும்பாலான படங்கள் பழைய படங்கள், ஓவியத்தின் மேல் காலம் காலமாகப் பூசிய வார்னிஷ் மஞ்சளாகிப் போயிருந்த நாட்களில் எடுத்தவை. லூவ்ரில் 2023 செப்டம்பரில் தொடங்கி 2024 ஏப்ரல் வரை அந்த மஞ்சள் படலங்களை எடுத்துச் சுத்தம் செய்தார்கள், 2024 மே மாதம் ஓவியம் திரும்பச் சுவருக்கு வந்தது. அதுவரை மஞ்சள் உடை என்று எல்லோரும் நினைத்திருந்தது உண்மையில் வெளிர் சாம்பல் உடை, அங்கங்கே பொன் மஞ்சள் தீற்றல். புகை வெளுத்தது, வானம் நீலமாயிற்று. ஆகவே 2024க்குப் பிந்தைய கோப்பைத் தேடி எடுத்துக்கொண்டு போங்கள். ஓவியர் இறந்தது 1863இல், காப்புரிமைச் சிக்கல் ஒன்றும் இல்லை. 30 அங்குல அகலத்துக்கு, குறுக்கே 4,500 பிக்சலாவது இருந்தால்தான் பக்கத்தில் நின்று பார்க்கும்போது மங்காது.

இது சும்மா நிறப் பொருத்தம் பார்க்கிற விஷயம் இல்லை. டெலாக்ருவா ஓவியம் முழுக்கப் பழுப்பு, சாம்பல், புகை நிறம் என்று அடக்கி வைத்துவிட்டு, நீலம், வெள்ளை, சிவப்பு மூன்றையும் எண்ணி எண்ணிச் செலவழித்திருக்கிறார். மேலே கொடி. அவள் காலடியில் முட்டிபோட்டு நிமிர்ந்து பார்க்கிற காயம்பட்ட தொழிலாளியின் உடுப்பில் மறுபடி அதே நிறங்கள், நீலச் சட்டையும் சிவப்பு இடைக்கச்சையும். அப்புறம் வலது பக்கம் தூரத்தில், புகைக்குள், நோத்ர தாம் தேவாலயக் கோபுரத்தின் மேல் ஒரு நகக்கண் அளவுக்கு இன்னொரு கொடி. இந்தச் சின்னக் கொடியைத்தான் நான் கடையில் முதலில் தேடினேன். தெரிந்தது. முந்தைய பிரிண்டில் அது ஒரு பழுப்புப் புள்ளி. அந்தக் கொடி தெரிந்தால்தான் நகரத்தின் அந்தக் கோடிவரை மக்கள் கைக்கு வந்துவிட்டது என்று புரியும், தெரியாவிட்டால் இது ஒரு தெருச்சண்டை, அவ்வளவுதான்.

ஃப்ளெக்ஸ் கடைக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு, டெல்டாவில் எந்த ஊருக்குப் போனாலும் பார்க்கலாம்: பூப்புனித நீராட்டு விழாவோ கண்ணீர் அஞ்சலியோ, யார் படம் வந்தாலும் முகத்தை இரண்டு சுற்று வெளுத்துவிடுவார்கள். யாரும் கேட்காமலேயே செய்வார்கள், கை தானாகப் போகும். முதல் கடையில் சுதந்திரத்துக்கும் அதைச் செய்துவிட்டார்கள். தோள், கழுத்து எல்லாம் மெழுகு பொம்மை மாதிரி. இதைப் பெரிதாகப் பேசக் காரணம் இருக்கிறது. 1831இல் கண்காட்சிக்கு வந்தபோது விமர்சகர்கள் முகம் சுளித்ததே அதைத்தான்: சுதந்திர தேவி என்கிறீர்கள், உடம்பெல்லாம் அழுக்கு, அக்குளில் முடி, கையில் துப்பாக்கி, சந்தைக்கடைப் பெண் மாதிரி இருக்கிறாளே என்றார்கள். அதைத்தான் அவர் வேண்டுமென்றே வரைந்தார். பக்கவாட்டு முகமும், தலையில் இருக்கிற சிவப்புத் தொப்பியும் (பழைய ரோமில் விடுதலையான அடிமை போடுவது, 1789 புரட்சிக்காரர்கள் எடுத்துக்கொண்டது), திறந்த மார்பும் கிரேக்கச் சிலையின் வழியில் வந்தவை. வெயிலும் புகையும் ஏறிய தோல் பாரிஸ் தெருவில் இருந்து வந்தது. தேவியும் அவள்தான், கூலிக்காரியும் அவள்தான். தோலை வெளுத்தால் தேவி மட்டும் மிஞ்சுவாள், 1831இல் முகம் சுளித்தவர்கள் ஆசைப்பட்டதும் அதுதான்.

மார்பை மறைத்து அடித்துத் தரட்டுமா என்றும் அந்த ஃப்ளெக்ஸ் கடைத் தம்பி கேட்டார், “பசங்க வர்ற இடம்ல அண்ணே” என்று. நல்ல எண்ணத்தில்தான் கேட்டார். படிப்பகத்துக் கூட்டத்திலும் இந்தப் பேச்சு வந்தது, கொஞ்ச நேரம் காரசாரமாகவே போயிற்று. கடைசியில் வயதில் மூத்த ஒரு அக்கா, தாராசுரத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறோமே, அங்கே தூணுக்குத் தூண் இருக்கிற சிற்பத்தை எல்லாம் துணி போட்டு மூடிவிட்டா காட்டுகிறோம் என்று கேட்டார். அதோடு முடிந்தது. மறைக்காமல்தான் மாட்டியிருக்கிறோம், இதுவரை யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

கும்பகோணம் கடைப் பெரியவர் சொன்ன ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும், எந்தக் கலை விமர்சனத்திலும் நான் இவ்வளவு நேரடியாகப் படித்ததில்லை. ஃபிரேம் மூலையை ஒட்டிக்கொண்டே படத்தைப் பார்த்தவர், “நம்ம படத்துல எல்லாம் சாமி நம்மளத்தான் பாக்கும். இந்தம்மா நம்மளப் பாக்கவே இல்லையே, பின்னாடி வர்றவங்களத்தான பாக்குது” என்றார். உண்மை. தஞ்சாவூர் ஓவியத்தில் நடுவில் பெரிய உருவம், நேர்முகம், சுற்றிலும் சின்ன உருவங்கள், பார்ப்பவர் கும்பிட வேண்டும். இங்கேயும் நடுவில் ஒரு பெண், எல்லோரையும்விட உயரத்தில், கீழே அகன்று மேலே குவியும் முக்கோணத்தின் உச்சியில். ஆனால் அவள் முகம் திரும்பியிருக்கிறது, வருகிறார்களா என்று தன் ஆட்களைப் பார்க்கிறாள். கும்பிடுவதற்கு நிற்கவில்லை, நடந்துகொண்டிருக்கிறாள். நேராக நம்மைப் பார்த்து ஓடிவருவது அந்தப் பையன்தான், இரண்டு கையிலும் கைத்துப்பாக்கி, வாய் திறந்து கத்திக்கொண்டு, தோளில் அவன் அளவுக்குப் பொருந்தாத தோட்டாப் பை.

அவர்கள் நம்மை நோக்கி வருகிறார்கள் என்பதும் கவனிக்க வேண்டியது. ரொமான்டிக் ஓவியர்களில் இவருக்கு முன்னோடி ஜெரிக்கோ. கப்பல் விபத்தில் தப்பித் தெப்பத்தில் தத்தளித்தவர்களைக் காட்டும் அவருடைய ‘மெதுசாவின் தெப்பம்’ 1819இல் வந்தது, அதில் ஒரு உருவத்துக்கு இளைஞர் டெலாக்ருவாவே மாடலாக இருந்தார். அங்கேயும் கீழே பிணங்கள், மேலே குவியும் முக்கோணம், உச்சியில் ஆட்டப்படும் துணி. ஆனால் அதில் உச்சியில் இருப்பவர்கள் நமக்கு முதுகு காட்டி, தூரத்துக் கப்பலைப் பார்த்துக் கையாட்டுகிறார்கள். டெலாக்ருவா அதே அமைப்பை எடுத்து நம் பக்கம் திருப்பிவிட்டார். அப்படியென்றால் பார்க்கிற நாம் எங்கே நிற்கிறோம்? அரசப் படை நிற்கிற இடத்தில். சுவரில் இந்தப் படத்தை மாட்டும்போது ரொம்ப உயரத்தில் மாட்டாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். எங்கள் படிப்பகத்தில் தலைவர்கள் படம் எல்லாம் உத்தரத்தை ஒட்டி இருக்கும், அங்கே கொண்டுபோய் வைத்தால் நடுவில் இருக்கிறவள் சாமி படமாகிவிடுவாள். பெஞ்சில் உட்கார்ந்தால், கீழே கிடப்பவர்கள் நம் கண் மட்டத்துக்கு வருகிற மாதிரி மாட்டினோம்.

கொடி விஷயத்தில் ஒரு எதிர்ப்பு வந்தது, நியாயமான எதிர்ப்பு. திருநள்ளாற்றில் இருந்து வருகிற ஒரு தோழர், “அது நம்மளை ஆண்டவன் கொடிங்க” என்றார். காரைக்காலில் அந்த மூன்று நிறக் கொடி 1954 வரை பறந்தது, அவர் அப்பா அதன் கீழே படித்தவர். அதே 1830 ஜூலையில்தான், இந்த மூன்று நாளுக்குச் சில வாரம் முன்னால், பிரெஞ்சுப் படை அல்ஜியர்ஸைப் பிடித்தது. ஆட்சி மாறிய பிறகும் அல்ஜீரியாவை விடவில்லை. இதை மறைத்துவிட்டு ஓவியத்தைப் பாராட்டக் கூடாது. அதே சமயம் அந்த ஜூலையில் அந்தக் கொடி அரசாங்கக் கொடி இல்லை. 1815இல் இருந்து மன்னரின் வெள்ளைக் கொடிதான் அரசுக் கொடி, மூன்று நிறத்தைத் தூக்கிப் பிடித்தாலே கலகம். தெருவில் இருந்தவர்கள் உயிரைக் கொடுத்து மீட்டதை அரசு எடுத்துக்கொண்டு கடல் தாண்டி நட்டது. இரண்டையும் ஒரு சீட்டில் எழுதிப் படத்துக்குக் கீழே ஒட்டியிருக்கிறோம், அந்தத் தோழரே எழுதினார்.

ஓவியத்துக்கு நடந்ததும் ஏறக்குறைய அதே கதைதான். தடுப்பரண் மேல் ஏறி அரியணைக்கு வந்த லூயி பிலிப்பின் அரசு இதை 3,000 பிராங்குக்கு வாங்கியது, கொஞ்ச காலம் காட்டியது, பிறகு கழற்றி உள்ளே வைத்துவிட்டது. 1839இல் ஓவியரிடமே திரும்பப் போனது. லூவ்ருக்கு வந்தது 1874இல்தான், டெலாக்ருவா இறந்து 11 வருடம் கழித்து. புதிய அரசில் வாக்குரிமை ஒரு லட்சத்துக்கும் குறைவான பேரிடம் இருந்து சுமார் ஒன்றரை லட்சம் பேருக்கு விரிந்தது, மூன்று கோடிப் பேர் வாழ்ந்த நாட்டில். படத்தின் இடது பக்கம் வாளோடு வருகிற தொழிலாளிக்கும் பையனின் அம்மா அப்பாவுக்கும் ஒரு வாக்கும் இல்லை. மக்கள் மறுபடி இந்தப் படத்தைப் பார்த்தால் கணக்குக் கேட்பார்கள் என்ற பயம் அரசுக்கு இருந்திருக்கும்.

படம் வந்த முதல் வாரம் நடவு வேலை முடிந்து வந்த ஒரு அம்மா, நின்று நிதானமாகப் பார்த்துவிட்டு, “கீழ கெடக்கறவங்க பேரெல்லாம் தெரியுமா?” என்று கேட்டார். வெண்மணி நினைவிடத்துக்கு டிசம்பர் 25 தவறாமல் போகிறவர் அவர். 1968இல் எரித்துக் கொல்லப்பட்ட 44 பேரும் அவருக்கு வெறும் எண்ணிக்கை இல்லை. ஓவியத்தில் பெயர் இல்லை, ஆனால் பாரிசில் பஸ்தீல் சதுக்கத்தில் 1840இல் திறந்த ஜூலைத் தூணில், அந்த மூன்று நாளில் இறந்தவர்களில் 504 பேரின் பெயர் பொறித்திருக்கிறார்கள் என்று சொன்னேன். “பேரு எழுதிருக்காங்கன்னா சரி” என்றார்.

சரி, பொருளுக்கு வருகிறேன். கேன்வாஸ் நல்ல கனமான பருத்தி, அசல் கேன்வாஸ் நெசவு தெரிகிறது. மேல்பூச்சு மேட், இதை வற்புறுத்திக் கேட்டு வாங்குங்கள். இந்த ஓவியத்தின் கீழ்ப் பாதி இருட்டு, பளபளப்பு லேமினேஷன் போட்டால் ட்யூப் லைட்தான் தெரியும், கீழே கிடப்பவர்கள் தெரிய மாட்டார்கள். கண்ணாடி வேண்டாம், இதே காரணம், அதோடு நம் ஊர் மழைக்காலத்தில் கண்ணாடிக்குள் ஈரம் கோத்துப் பூஞ்சை வந்துவிடும். ஃபிரேமுக்குப் பின்னால் நாலு மூலையிலும் கார்க் துண்டு ஒட்டிக்கொடுத்தார்கள், சுவரில் இருந்து காற்றோட்டம் இருக்கட்டும் என்று. நான் கேட்காமலேயே செய்தது. ஃபிரேமில் தங்கத் தகடு வைக்கலாமா என்று பெரியவர் கேட்டார், அவர் கைவேலை அதில்தான் பேசும் என்பது தெரியும், ஆனாலும் வேண்டாம் என்றேன், அவரும் உடனே ஒத்துக்கொண்டார். வெறும் தேக்கு, மெழுகு பாலிஷ்.

குறை என்றால் ஒன்று: நாள் தள்ளிப்போகும். முகூர்த்த மாதங்களில் தஞ்சாவூர் ஓவிய ஆர்டர் குவிந்துவிடும், சொன்ன தேதிக்கு மேல் ஒரு வாரம் ஆயிற்று, போன் போட்டால்தான் விவரம் தெரிகிறது. இன்னொன்று, நிழல் பகுதி ஒரு அரை மாத்திரை கூடுதல் கறுப்பு. தடுப்பரணின் கற்களுக்கு நடுவே உள்ள சில விவரங்கள் பகல் வெளிச்சத்தில்தான் தெரிகின்றன. சோதனைத் துண்டு ஒன்று அடித்துக் காட்டச் சொன்னால் அடித்துக் காட்டுகிறார்கள், அதை இருட்டுப் பகுதியில் இருந்து எடுக்கச் சொல்லுங்கள், எல்லோரும் முகத்தைத்தான் எடுப்பார்கள்.

எங்களுக்கு எல்லாம் சேர்த்து ஐயாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது, அட்டை வைத்துக் கட்டி பஸ்ஸில் ஏற்றி அனுப்பிய கூலி உட்பட. கடை விவரம் வேண்டுவோர் கேளுங்கள், தனியாகச் சொல்கிறேன். அடுத்து ‘மெதுசாவின் தெப்பம்’ ஆர்டர் கொடுத்திருக்கிறோம். அசல் 491க்கு 716 சென்டிமீட்டர், பெரியவர் கணக்குப் போட்டு 24க்கு 35 என்று சீட்டில் எழுதி வைத்திருக்கிறார், ஐப்பசி மழை பிடிப்பதற்குள் தந்துவிடுவதாகச் சொல்கிறார்.